முகூர்த்தம் வரை மருமகள் கோல்டிங்கில்

மகன்,

உனக்குத் தமிழ் கதைக்க வரும், வாசிக்க வராது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் என்று சொல்லிவிட்டு நீ உதைபந்துக்குப் போன கதை எனக்கு அப்போதே தெரியும். தெரியாத மாதிரி இருந்தால் நிம்மதியாக ஒரு தேத்தண்ணீர் குடிக்கலாம் என்று இருந்துவிட்டேன். அதன் பலன், உனக்கு எழுதி எங்கள் தமிழ்ச் சஞ்சிகைக்குக் கொடுக்கிற இந்தக் கடிதத்தை டென்மார்க் தமிழருக்குள் கடைசியாக அறியப் போகிற ஆள் நீதான். அல்பர்ட்ஸ்லுண்டில் இருக்கிறவர்கள் வாசித்து, கோல்டிங்கில் இருக்கிறவர்களுக்குச் சொல்லி, அவர்கள் தங்கள் பங்குக்கு இரண்டு சொல்லுக் கூட்டி, பிறகு யாரோ ஒருவர் தாய்லாந்துக்குத் தொலைபேசி எடுத்து, "தம்பி, உங்கட அம்மா உங்களைப் பற்றி எழுதியிருக்கிறா" என்று தொடங்குவார். கூட்டினதைக் கழித்துக் கேள். எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை, நான் செய்தது எல்லோருக்கும் தெரியும். கதைக்கிறவர்கள் அதைச் சரியாகவாவது கதைக்கட்டும் என்றும், இன்னொரு தாய் அதே கதவை அதே மாதிரித் திறக்கக் கூடாது என்றும்தான் இதை எல்லோருக்கும் முன்னால் எழுதுகிறேன்.

நீ போய் ஒரு கிழமை ஆகிறது. பில்லுண்ட் விமான நிலையத்தில் நீ என்னைக் கட்டிப்பிடித்தாய், ஆனால் தமிழில் ஒன்றும் சொல்லவில்லை. கோபம் வந்தால் நீ டேனிஷுக்கு மாறிவிடுவாய், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். உன் மனைவி நொய் தாய்லாந்தின் வடகிழக்கில் தன் தாய் வீட்டில் இருக்கிறாள். அவளை இங்கே இருக்க விடமாட்டோம் என்று குடிவரவுக் கந்தோரில் சொன்னார்கள், நீ வேலையை விட்டுவிட்டு அவளிடம் போனாய். கேட்கிறவர்களுக்கு நான் இந்த அளவில் நிறுத்திக்கொள்கிறேன். விடமாட்டோம் என்றதற்கு அவர்கள் எழுதிய காரணம் உன் அம்மா என்பதைச் சொல்லப் போனால் கோப்பிக் கடையில் கேட்கிறவர்களின் கோப்பி ஆறிவிடும்.

எல்லாவற்றுக்கும் மூலம் எங்கள் எழுத்துத்தான். உனக்குச் சொல்லி விளங்கப்படுத்தினதுதான், வாசிக்கிற வெளியாட்களுக்காக இன்னொரு தரம் சொல்கிறேன். எங்கள் ஆட்களுக்குக் கலியாணம் இரண்டு தவணையில் நடக்கும். முதலில் பதிவாளர் வந்து எழுதுவார், அது எழுத்து. சட்டப்படி அன்றைக்கே புருசன் பெண்சாதி. ஆனால் பிறகு ஒரு நல்ல நாளில் தாலி கட்டும் வரைக்கும் பெண் தன் வீட்டில், மாப்பிள்ளை தன் வீட்டில். இடையில் மாப்பிள்ளை பலகாரத்தோடு வந்து, விறாந்தையில் இருந்து, தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போகலாம். அதற்கு மேல் போனால் அயலட்டை நித்திரை கொள்ளாது. உலகத்தில் எந்தக் குடிவரவு அலுவலகத்துக்கும் இது விளங்காது. புருசன் பெண்சாதி என்று கையெழுத்துப் போட்டவர்கள் வேறு வேறு வீட்டில் படுத்தால், அவர்களுடைய அகராதியில் அதற்குக் கள்ளக் கலியாணம் என்று பெயர். எங்களுடைய அகராதியில் ஒழுக்கம் என்று பெயர். இந்த இரண்டு அகராதிக்கும் நடுவில்தான் நொய் அகப்பட்டாள்.

காற்றாலை வேலைக்கு உன்னைத் தாய்லாந்துக்கு அனுப்பினார்கள். அங்கே அலுவலகத்தில் மொழிபெயர்க்கிற பிள்ளையாக நொய் இருந்தாள். நீ எனக்குச் சொல்லும்போது, "அம்மா, நாங்கள் பதிந்துவிட்டோம்" என்றாய். நான் அழவில்லை என்று நீ ஆச்சரியப்பட்டாய். எப்படி அழுவேன். தாய்லாந்துப் பெண் என்றால் என்ன, எழுத்து முடிந்தது என்று கேட்டதும் எனக்கு மனதில் ஓடியது அடுத்தது தாலி என்பது மட்டும்தான். அவள் விசாவில் வந்து இறங்கியபோது என்னை "மே" என்று கூப்பிட்டாள். அவர்கள் பாசையில் அம்மாவாம். ஆட்டுக்குட்டி கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது என்று நான் சிரித்தேன், நீ மொழிபெயர்த்தாய், அவளும் சிரித்தாள். எனக்குப் பிடித்துவிட்டது. பிடித்துப்போன பிள்ளையைக் குறை சொல்ல ஒருவருக்கும் இடம் வைக்கக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். பிராண்டேயில் நீ வாடகைக்கு எடுத்த வீட்டில் அவள் இருக்கப் போகிறாள் என்று வதிவிட அனுமதி விண்ணப்பத்தில் நீ எழுதியிருந்தாய். நான் அவளுடைய பெட்டியைக் காரிலிருந்து இறக்கவே விடவில்லை. நேரே கோல்டிங்குக்கு, ராசாத்தி அக்கா வீட்டுக்கு.

ராசாத்தி அக்காவை உனக்குப் பிறந்த நாளிலிருந்து தெரியும், வாசிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்து மனுசி. இப்போது பெந்தகோஸ்தே சபைக்குப் போகிறா. தோடு, வளையல், தாலிக்கொடி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டா, தாலி கட்டாத பிள்ளை மாப்பிள்ளை வீட்டில் படுக்கக் கூடாது என்கிற சட்டத்தை மட்டும் கழற்றவில்லை. நீ வேலை முடித்து ஒவ்வொரு பின்னேரமும் கோல்டிங்குக்குக் கார் ஓடினாய். போனால் சோபாவில் ஒரு கரையில் நொய், மற்றக் கரையில் நீ, நடுவில் அக்கா. "தம்பி, உமக்குக் குளிருதோ, கொஞ்சம் தள்ளி இரும், ஹீட்டர் அந்தப் பக்கம்" என்று சொல்லுவாவாம். நீ வந்து என்னிடம் டேனிஷில் கத்தினாய். இருபத்தைந்து வயது கடந்த மனிதனையும் அவனுடைய சொந்த மனைவியையும் என்ன விளையாட்டுக் காட்டுகிறீர்கள் என்று கேட்டாய்.

அப்போது நான் எடுத்த ஆயுதம் உனக்கு ஞாபகம் இருக்கும். "உங்கட அப்பாவுக்காக நான் எத்தனை வருசம் இருந்தன், மனே. உன்னால ஒரு மாசம் இருக்க ஏலாதா?" என்றேன். நீ வாயை மூடிக்கொண்டாய். அந்தக் கதையைச் சொன்னால் நீ எப்போதும் வாயை மூடிக்கொள்வாய் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் சொன்னேன். ஆனால் அந்தக் கதையை நான் உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. ஆயுதமாகப் பாவிக்கிற அளவுக்குத்தான் சொல்லி வைத்திருந்தேன்.

எனக்கும் அப்பாவுக்கும் மட்டக்களப்பில் எழுத்து முடிந்தது. தாலிக்கு நாள் பார்த்திருந்த நேரம் ஆமிக்காரர் பொடியன்களைப் பிடிக்கத் தொடங்கினார்கள். அப்பா கொழும்புக்கு ஓடி, கிழக்கு ஜேர்மனி வழியாக டென்மார்க்குக்கு வந்து சேர்ந்தார். இங்கே அவருக்கு அகதி அந்தஸ்துக் கிடைத்தது. கிடைத்தால் மனைவியைக் கூப்பிடலாம் என்பது சட்டம். கூப்பிட்டார். அந்த நேரத்தில்தான் மேலே இருந்த அமைச்சர் ஒருவர் தமிழருடைய குடும்பங்களின் கோப்புகளைப் பார்க்காமல் ஒரு பக்கத்தில் வைக்கச் சொன்னார். அது எங்களுக்குத் தெரியாது. இல்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. ஓம் என்றும் சொல்லவில்லை. கடிதம் போட்டால், உங்கள் விடயம் பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வரும். அப்பா அதை அகராதி வைத்து வாசித்து, நல்ல செய்தி என்று நினைத்து எனக்கு எழுதுவார். எழுதின பெண் என்று என்னை வெளியே விடவும் மாட்டார்கள், கட்டின பெண் என்று மதிக்கவும் மாட்டார்கள். கலியாண வீடுகளில் குமர்ப்பிள்ளைகளோடும் இருக்க முடியாது, பெண்சாதிமாரோடும் இருக்க முடியாது. நான் குசினியில் போய்த் தேங்காய் துருவுவேன். அந்த வருசங்களில் எங்கள் பகுதியில் துருவின தேங்காய் எல்லாம் என் கையால்தான் துருவப்பட்டது என்று சொல்லலாம்.

அடுத்த வளவில் பவளம் இருந்தாள். அவளுடைய புருசன் தங்கராசா அண்ணனும் அப்பாவோடு பிராண்டேயில்தான் இருந்தார். அவள் தாலி கட்டினவள். இரண்டு பேரும் சேர்ந்துதான் தபால் கந்தோருக்குப் போவோம். "உனக்கு எழுத்து மட்டும்தான் கா, எனக்குக் கழுத்திலயும் கிடக்கு. டென்மார்க் எனக்குத்தான் முதல்ல வரும்" என்று சீண்டுவாள். நான் அவளுக்குச் சொல்லுவேன், "அங்க பனியாம், உன்ட கழுத்தில கிடக்கிறத ஒருத்தனுக்கும் தெரியாது, கம்பளி போட்டு மூடணும்." இப்படிச் சிரித்துக்கொண்டு போய், வெறுங்கையோடு சிரித்துக்கொண்டு வருவோம். ஒரு சுற்றிவளைப்பில் எல்லோரும் ஓடினோம். பவளம் வயல் பக்கம் ஓடினாள், நான் கோயில் பக்கம். வயலில் சுட்டார்கள். அவளைத் தூக்கி வந்தபோது அவளுடைய செருப்பு ஒன்று என்னுடைய காலில் இருந்தது. ஓடுகிற அவசரத்தில் மாறிப் போட்டிருக்கிறோம். அது வரைக்கும் எனக்குத் தெரியவில்லை.

பிறகு இந்த நாட்டில் யாரோ இதைக் கிளறினார்கள், ஒதுக்கி வைத்த கோப்புகளைத் திறந்தார்கள். எனக்கு ஓம் என்று வந்தது. பவளத்துக்கும் ஓம் என்று வந்தது. அவளுடைய தாய் அந்தக் காகிதத்தை என்னிடம் கொண்டுவந்து, "இதில என்ன எழுதியிருக்கு, வாசி" என்றா. எனக்கு அந்தப் பாசை தெரியாது. தெரியாது என்றே சொன்னேன். அது பொய்யும் இல்லை.

நான் பிராண்டேக்கு வந்து இறங்கினேன். அப்பா ஒரு பெரிய குளிர்ச்சட்டையோடு நின்றார். அடையாளம் தெரியவில்லை, மெலிந்து போயிருந்தார். பக்கத்தில் ராசாத்தி அக்கா. அப்போது அவ பிராண்டேயில்தான் இருந்தா, பெந்தகோஸ்தேயும் இல்லை, கழுத்து நிறைய நகை. "வா பிள்ளை, எங்கடை வீட்டை போவம். நாள் பாத்துத் தாலி கட்டினாப் பிறகு இவரிட்டைப் போகலாம்" என்றா. அத்தனை வருசம் ஒரு அரசாங்கம் எங்களைப் பிரித்து வைத்தது, அது முடிந்ததும் மிச்சத்தை நாங்களே பார்த்துக்கொண்டோம். ஒரு மண்டபத்தில், பொலிஸ்டரில் தைத்த கூறைச் சேலையோடு, ஐயர் இல்லாமல் ஒரு பெரியவர் மந்திரம் மாதிரி எதையோ சொல்லத் தாலி ஏறியது. அது வரைக்கும் அப்பா பலகாரம் வாங்க வழியில்லாமல் டேனிஷ் பேஸ்ட்ரியோடு அக்கா வீட்டுக்கு வந்து, சோபாவில் இருந்து, தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். அவருக்கும் எனக்கும் நடுவில் அக்கா. அதை நான் பிழை என்று நினைக்கவில்லை, மகன். பெருமை என்றுதான் நினைத்தேன். இவ்வளவு காத்திருந்தவளுக்கு இன்னும் கொஞ்சம் காத்திருக்கத் தெரியும் என்று எல்லோருக்கும் காட்டினேன்.

கொஞ்சக் காலம் கழித்து, அந்தக் கோப்புகளால் இந்த நாட்டு அரசாங்கமே விழுந்தது. தொலைக்காட்சியில் எங்களைப் பற்றித்தான் பேச்சு. நீ என் மடியில் இருந்தாய். வந்திருந்தவர்கள் எல்லோரும் ஏதோ நாங்களே விழுத்தின மாதிரிச் சிரித்தார்கள், நானும் வடை சுட்டேன். தங்கராசா அண்ணன் மட்டும் எழும்பிப் போய்த் தொலைக்காட்சியை நிறுத்தினார். "பவளம் இதப் பாத்திருக்கணும்" என்றார். வடை ஆறிப்போனது.

இவ்வளவும் தெரிந்த ஒருத்தி, தன் மகனும் மருமகளும் ஒரு இரவைக்கூட வீணாக்கக் கூடாது என்றல்லவா நினைத்திருக்க வேண்டும். நான் மற்றப் பக்கமாக நினைத்தேன். நான் பட்டதை நீங்களும் கொஞ்சம் பட்டால்தான் அது கலியாணம் என்று நினைத்தேன். நொய் வந்தது ஆடி மாதம். ஆடியில் தாலி கட்ட மாட்டோம். ஆவணியில் நாள் வைத்தேன், அப்பாவின் தமையன் மட்டக்களப்பில் கண்ணை மூடினார், துடக்கு, வீட்டில் நல்ல காரியம் செய்யக் கூடாது. அது கழியப் புரட்டாதி வந்தது, புரட்டாதியிலும் செய்ய மாட்டோம். ஐப்பசிக்கு மண்டபம் பிடித்தேன். ஒவ்வொரு தரமும் நொய்யிடம் போய் நீதான் சொன்னாய். அவள் ஒவ்வொரு தரமும் தலையை ஆட்டி, "மே சொன்னால் சரி" என்றாளாம். உன் வீட்டுக் கதவைத் திறக்கிற திறப்பு என்னிடமும் ஒன்று இருந்தது. உன் கட்டிலில் இரண்டு தலகணி இருந்ததைக் கண்டு, ஒன்றை எடுத்து அலுமாரிக்குள் வைத்ததும் நான்தான். நீ அதைத் திரும்ப எடுத்து வைக்கவில்லை. களைத்துப் போயிருப்பாய்.

அன்றைக்கு உன் குளிர்சாதனப் பெட்டிக்குள் கறி வைக்க வந்திருந்தேன். மணி அடித்தது. மேல்மாடிக்காரி கருவாட்டு மணத்தைப் பற்றி முறைப்பாட்டோடு வந்திருக்கிறாள் என்று நினைத்து ஒரு மன்னிப்புச் சிரிப்போடு திறந்தேன். ஒரு பெண்ணும் ஒரு இளம் ஆளும். ஏதோ கந்தோரில் இருந்து என்று அட்டையைக் காட்டினார்கள், என்னிடம் கண்ணாடி இல்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள், நல்ல வளர்ப்பு என்று நினைத்தேன். இங்கே யார் இருக்கிறார்கள் என்று அந்தப் பெண் கேட்டாள். என் மகன் என்றேன். அவருடைய மனைவி வெளியே போயிருக்கிறாவா என்று கேட்டாள்.

அந்த இடத்தில் ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நீ இன்றைக்கு பிராண்டேயில் இருந்திருப்பாய். கடைக்குப் போயிருக்கிறா என்று சொல்லியிருக்கலாம். வாயே திறக்காமல் தேத்தண்ணீர் ஊற்றியிருக்கலாம். எனக்கோ, இந்த வெள்ளைக்காரி என் மருமகளைப் பற்றி ஒரு மாதிரி நினைக்கப் போகிறாளே என்ற பதைப்பு. "இல்லை, இல்லை. அவ இங்கே படுப்பதே இல்லை. வந்த நாளிலிருந்து கோல்டிங்கில்தான்" என்றேன். அவள் ஏன் என்று கேட்டாள். "நாங்கள் ஒழுங்கான குடும்பம். முதலில் கலியாணம் நடக்க வேண்டும்" என்றேன். அவர்கள் ஏற்கெனவே கலியாணம் முடித்தவர்கள் அல்லவா என்று கேட்டாள். "அது காகிதத்தில் மட்டும்" என்றேன், மகன். காகிதத்தில் மட்டும். எழுத்து என்பதை டேனிஷில் சொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை. அந்த இளம் ஆள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான், பிறகு அதையும் எழுதினான். அவர்கள் கேட்காமலே படுக்கையறையைத் திறந்து காட்டினேன். "பாருங்கள், ஒரே ஒரு தலகணி" என்றேன். குளியலறையில் ஒரு பல்துலக்கி. யார் இப்படி ஏற்பாடு செய்தது என்று கேட்டாள். "நான்தான்" என்றேன். அவ்வளவு பெருமையாக நான் டேனிஷ் கதைத்தது வாழ்க்கையில் அன்றைக்குத்தான். போகும்போது அவர்களுக்கு ரோல்ஸ் கட்டிக் கொடுத்தேன். வேண்டாம், வேலையில் பரிசு வாங்கக் கூடாது என்றார்கள். நல்ல நேர்மையான ஆட்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர்கள் படி இறங்க முதலே ராசாத்தி அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். "அக்கா, கந்தோரில இருந்து வந்தாங்க. நம்மட பிள்ளைகளைப் பற்றி நல்லாச் சொல்லி அனுப்பிட்டன்." "நல்ல வேலை செய்தாய், பிள்ளை. இஞ்சை வந்து கேட்டாலும் நான் அதைத்தான் சொல்லுவன்" என்றா. பிறகு நீ வந்தாய். நான் சந்தோசமாக எல்லாவற்றையும் சொன்னேன். நீ சப்பாத்து நூலைக் கையில் பிடித்தபடி இருந்தாய், அவிழ்க்கவும் இல்லை, விடவும் இல்லை. "அம்மா, காகிதத்தில் மட்டும் என்றா சொன்னாய்?" என்று கேட்டாய். அது தமிழில் கேட்டாய். அதற்குப் பிறகு டேனிஷ்தான்.

என் கோப்பைப் பார்க்க வருசக்கணக்காக நேரம் இல்லாமல் இருந்தவர்களுக்கு, நொய்யின் கோப்புக்கு உடனே நேரம் கிடைத்தது. ஐப்பசி முகூர்த்தத்துக்கு முதல் கிழமை பதில் வந்தது. கணவனும் மனைவியும் சேர்ந்து வாழவில்லை, கலியாணம் காகிதத்தில் மட்டும் என்று கணவனின் தாயாரே தெரிவித்திருக்கிறார் என்று எழுதியிருந்தார்கள். ஒரு அரசாங்கம் என் வார்த்தையை அப்படியே நம்பினது என் வாழ்க்கையில் அது ஒரு முறைதான். முகூர்த்தத்தைத் தள்ளி வைத்துவிட்டு மேன்முறையீடு செய்தோம். நான் போய் வழக்கறிஞருக்கு ஆடியையும் புரட்டாதியையும் துடக்கையும் விளக்கினேன். இதற்கு ஏதாவது ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டார். பஞ்சாங்கத்தைக் கொடுத்தேன். அந்த மனிதர் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு மரியாதையாகப் புரட்டினார். அதுவும் சரிவரவில்லை. நொய் போக வேண்டியதாயிற்று. கூறைச் சேலையை அவளுடைய பெட்டிக்குள் வைக்கப் போனேன். அவள் என் கையைப் பிடித்து, "மே, இங்கேயே இருக்கட்டும்" என்றாள். அழவில்லை. சிரிக்கவும் இல்லை. அதைவிட அவள் என்னைப் பார்த்துக் கத்தியிருக்கலாம்.

நீ வேலையை விடுகிறேன் என்று சொன்ன அன்றைக்கு நான் அப்பாவைப் பார்த்தேன், அப்பா ஜன்னலைப் பார்த்தார். தடுத்துப் பேசத் தங்கராசா அண்ணனைக் கூட்டி வந்தேன், அவருடைய சொல்லுக்கு நீ மரியாதை வைப்பாய் என்று. அவர் வந்து, தேத்தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு, என்னைப் பார்த்தே சொன்னார்: "தங்கச்சி, இவனுக்கு இல்லை எண்டு சொல்லிட்டாங்க. நமக்கு அதையும் சொல்லல்ல. சொல்லியிருந்தா நான் அண்டைக்கே திரும்பிப் போயிருப்பன். செத்திருந்தாலும் அவளோட செத்திருப்பன். இவன் போகட்டும்." அதற்குப் பிறகு நான் உன்னை மறிக்கவில்லை. நீ கவனித்தாயோ தெரியாது.

யோசித்துப் பார்த்தால், மட்டக்களப்பில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பான். நொய்யின் ஊரிலும் அதுதான் வழக்கம் என்று அவளே சொன்னாள். அப்படிப் பார்த்தால் நீ முறைப்படிதான் போயிருக்கிறாய். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையின் தாய் கூடவே போய், மகனைப் பெண் வீட்டில் விட்டுவிட்டு, சாப்பிட்டு, குறை சொல்லி, பின்னேரம் வீட்டுக்கு வந்துவிடுவாள். அடுத்த தெருதான் அது. நானோ விமானத்தில் போனாலும், அவர்கள் முத்திரை குத்துகிற நாட்கள் முடிந்தால் எழும்பி வர வேண்டும். அப்பாவின் முழங்காலுக்கு அந்த இருக்கை சரிவராது என்று வைத்தியர் சொல்லிவிட்டார்.

இனி அங்கே வெளிநாட்டுக்காரன் நீ. முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்கிற டேனிஷ் பெண்ணின் தமையன் தாய்லாந்தில் கலியாணம் முடித்து இருக்கிறான். அவளை இருத்தி வைத்து எல்லாவற்றையும் கறந்தேன். ஒவ்வொரு வருசமும் உன் இருப்பைப் புதுப்பிக்க வேண்டுமாம். அதற்கிடையில் மூன்று மாதத்துக்கு ஒருக்கால், நான் இந்த விலாசத்தில்தான் இருக்கிறேன் என்று அறிவிக்க வேண்டுமாம். வருமானமோ வங்கியில் காசோ காட்ட வேண்டுமாம். வீட்டு இலக்கத்துக்கு முன்னால் நின்றும், உள்ளே இருந்தும், படுக்கையறையிலும் இரண்டு பேரும் சேர்ந்து படம் எடுத்துக் கொடுக்க வேண்டுமாம். கலியாணம் முறிந்தாலோ அவளுக்கு ஏதும் நடந்தாலோ உன் இருப்பும் அதோடு சரியாம். நீயாகவும் அவளாகவும் இருக்கிற வீட்டில் எப்போதும் மூன்றாவது ஆளாக ஒரு முத்திரை இருக்கும். அதற்குப் பயந்து வாழாதே, அதை மறந்தும் வாழாதே. சண்டை பிடித்தால் அன்றைக்கே முடித்துக்கொள். கோபித்துக்கொண்டு நண்பன் வீட்டில் போய்ப் படுக்கிற வசதி உனக்கு இல்லை. மற்றவர்களுக்குச் சண்டை வந்தால் மனம் உடையும், உனக்கு விசாவும் உடையும்.

இன்னொன்று. நாட்டை விட்டு வெளியே வர முதல், திரும்பி வருவதற்கான அனுமதியை எடுத்து வைக்க வேண்டுமாம். எடுக்காமல் விமானம் ஏறினால் இருந்த அனுமதி அழிந்துவிடுமாம். இங்கே ஒரு நாள் தொலைபேசி அடித்து, அப்பாவுக்கோ எனக்கோ ஏதும் என்று சொன்னால், அப்படியே உடுத்த உடுப்போடு ஓடி வந்துவிடாதே. முதலில் அந்த அலுவலகத்துக்குப் போ. வரிசையில் நில். அனுமதியை எடுத்துக்கொண்டு வா. பிந்தினால் பிந்தட்டும், நாங்கள் கோபிக்க மாட்டோம். காத்திருக்க எங்களுக்குத் தெரியும், அது ஒன்றுதான் எங்களுக்கு நன்றாகத் தெரிந்த வேலை.

அங்கேயும் பார்க்க வருவார்களாம். அயலவர்களிடமும் கேட்பார்களாம். நீ வேலைக்குப் போயிருப்பாய், நொய் சந்தைக்குப் போயிருப்பாள், கதவைத் திறக்கப் போகிறவள் அவளுடைய தாய். அந்த மனுசியிடம் நான் செய்ததைச் சொல்லு. வெட்கப்படாதே, சம்மந்தி என்று மறைக்காதே, நொய்யை வைத்து ஒவ்வொரு சொல்லாக விளங்கப்படுத்து. யார் வந்து கேட்டாலும், ஓம், இரண்டு பேரும் இங்கேதான், இந்தக் கட்டிலில்தான் என்று சொல்லச் சொல்லு. மகளின் மானத்தைக் காப்பாற்றப் போய் இல்லை என்று சொல்லிவிடாமல் பார்த்துக்கொள். தாய்மாருக்கு அந்தப் புத்தி எந்த நாட்டிலும் வரும்.

தாலி என்னிடம் இருக்கிறது. நல்ல நாள் பார்க்கவில்லை, இனிப் பார்க்கவும் மாட்டேன். யாரும் அந்தப் பக்கம் போனால் கொடுத்து விடுகிறேன். ஆடியோ புரட்டாதியோ, கையில் கிடைத்த அன்றைக்கே கட்டு. கட்டாமல் பெட்டிக்குள் வைத்தாலும் நான் கேட்க மாட்டேன்.

நேற்று உன் வீட்டைத் துப்புரவாக்கித் திறப்பைத் திருப்பிக் கொடுத்தோம். அலுமாரிக்குள் நான் ஒளித்து வைத்த தலகணி அப்படியே இருந்தது. இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, வெயிலில் காயவைத்து, உறை மாற்றி, உன் பழைய அறைக் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அப்பா பொல்லை ஊன்றிக்கொண்டு வாசலில் நின்று பார்த்தார்.

"இனி ஆரு வந்து பாக்கப் போறாங்க?" என்றார்.

நான் உறையின் மடிப்பை நீவிக்கொண்டு இருந்தேன்.

அம்மா